காலையில் ஒன்றுமில்லை

பத்து மணிக்கு டோக்கன் கிடைத்தால்
என் இடது இமை எழுந்து நின்று
டாக்டருக்கு வணக்கம் சொல்லிவிடும்.
"நல்லாத்தானே இருக்கு, தவமணி?"
நல்லாத்தான் இருக்கிறது.
அதுதான் சிக்கல்.

அதன் வேலை நேரம் சாயங்காலம்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசு எடை போடுகிறவள் நான்.
நாலு மணிக்குத் தராசின் சிவப்பு எண்கள்
ஆளுக்கொரு தங்கச்சியைக் கூட்டிவந்து
பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளும்.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுதுவேன்.
ஐந்தரைக்கு இமை, கடை ஷட்டர் மாதிரி,
பாதியில் வந்து நிற்கும்.
நான் கண்ணடித்ததாக நினைத்த வியாபாரி ஒருவன்
மறுநாள் பூ வாங்கி வந்தான்.
முதலாளி பொன்னுரங்கம், நான் தூங்குவதாக நினைத்தார்.
பூவைவிட அதுதான் பயமாக இருந்தது.

அஸ்தம்பட்டிக் கண் டாக்டர் கண்ணாடி எழுதினார்.
நாலு ரோட்டுக்காரர் பக்கவாதமோ என்றார்;
ஸ்கேனில் என் மூளை
ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு
ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.
பெரியாஸ்பத்திரி டாக்டர் பழைய போட்டோ கேட்டார்.
எனக்கென்று எடுத்தது எதுவுமில்லை.
அடுத்தவர் வீட்டு ஆல்பங்களின் ஓரங்களில்
பந்திக்குக் காத்திருக்கும் என்னைத் தேடினேன்.
சுகந்தி கல்யாணத்தில் இரண்டு கண்.
அவள் பிள்ளை காதுகுத்தில் ஒன்றேமுக்கால்.

"மயஸ்தீனியா கிரேவிஸா இருக்கலாம்" என்றார்.
கடைசிச் சொல் கிரேவி என்றே காதில் விழுந்தது.
"ஆனா நான் பார்க்கணுமே.
இப்போ ஒண்ணும் தெரியலையே."

சரி, பார்க்க வைக்கிறேன்.

வியாழக்கிழமை லீவு போட்டு
ஏற்காடு பஸ் ஏறினேன்,
இமையைக் களைப்பாக்க.
கோரிமேடு தாண்டியதும் தலை நிமிர்த்தி
மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்:
பாறை, மூங்கில், வளைவுக்கு வளைவு எண் பலகை.
ஏழில் பாரம்.
பதினொன்றில் ஒரு குரங்கு இரண்டு குரங்கு.
பதினாறில் சாலையே பிரிந்து
ஒன்று பள்ளத்தின் மேல் காற்றில் போனது.
டிரைவர் நல்லவேளை மற்றதில் போனார்.
ஏரியைப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் இறக்கம்.

கீழே வந்து தட்டுவடை செட் இரண்டு வாங்கினேன்.
இரண்டாவதின் நடுவில் தாடை நின்றுவிட்டது.
பீட்ரூட்டும் காரச் சட்னியும்
வாய்க்குள் காத்துக் கிடந்தன.
ரொம்ப நாளாக இப்படித்தான்.
வயசென்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி போய்ச் சேர மணி ஆறேகால்.
பெரிய டாக்டர் கிளம்பிவிட்டார்.
முழுசாக மூடிய இமையை
தளும்பும் பால் செம்பு போல
முகத்தில் ஏந்தி நின்றேன்.
நைட் டியூட்டி டாக்டர் ஜெசிந்தா,
என் தங்கை மகள் வயசிருக்கும்,
"ஒரே மூச்சுல அம்பது வரைக்கும் எண்ணுங்க."
முப்பத்திரண்டில் என் குரல் மூக்குக்குள் நுழைந்துகொண்டது.
"சாப்பிடும்போது தாடை சோர்ந்து போகுதா?"
அப்போதுதான் அழுதேன்.
தட்டுவடை இவளுக்கு எப்படித் தெரியும்?

வாசல் கரும்புச்சாறு கடையிலிருந்து ஐஸ் வந்தது.
கையுறைக்குள் கட்டி இமைமேல் வைத்தாள்.
இரண்டு நிமிடம்.
பக்கத்துக் கட்டில்காரர் இருமலை நிறுத்திக்கொண்டார்.
எடுத்தாள்.
கன்னத்தில் தண்ணீர் வழிய
இமை எழுந்தது.
"ஐயோ" என்றவள் சட்டென வாயைப் பொத்திக்கொண்டாள்;
டாக்டர்கள் சந்தோஷப்படக் கூடாதோ என்னவோ.
பெரிய டாக்டரிடம் காட்ட
ஐஸுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று
போனில் படம் பிடித்திருக்கிறாள்.
எனக்கென்றே எடுத்தவை.

ரத்தம் பெங்களூர் போயிருக்கிறது, பத்து நாளாகுமாம்.
திங்கட்கிழமை நரம்பு டெஸ்ட்.
நெஞ்சுக்குள் தைமஸ் என்று ஏதோ இருக்கிறதாம்,
நாற்பத்தொரு வருஷமாக எனக்குத் தெரியாது.
பெயர் இன்னும் முடிவாகவில்லை.

இன்று ஐந்தரை. ஷட்டர் இறங்குகிறது.
"தூக்கமா தவமணி?"
"இல்லீங்க. ரிசல்ட் வரல.
நூத்திப் பதினாலு கிராம், சரியா இருக்கு.
வேணும்னா நீங்களே ஒரு கண்ணைப் பொத்திட்டுப் பாருங்க."