புள்ளியிடாத சொல்

சாக்கடலில் யாரும் முங்க முடியாது.
உப்பு நம்மைத் தக்கையாக்கி மேலே தள்ளிவிடும்.
மோதிரத்தை மட்டும் அது தாங்கவில்லை.

அராதிலிருந்து காலை ஏழரைப் பேருந்து.
முழங்கால் வலிக்கு மருத்துவர் எழுதித் தந்தது
ஆறு நாள் உப்புத்தண்ணீர்.
நான்காம் நாள் கையை அளைந்தபோது
எண்ணெய்போல் வழுக்கும் அந்த நீர்,
சோப்புக்கும் நூலுக்கும் அசையாததை
வீங்கிய கணுவைத் தாண்டி
மெல்ல உருவிக்கொண்டு போய்விட்டது.

மனாஸே என்னை விட்டுப் போய்ப் பதினோரு வருடம்.
கழற்ற மனமில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.
கழற்ற முடியவில்லை, அவ்வளவுதான்.
பேர்ஷெபா மருத்துவமனையில் ஒரு தாதி
சின்ன ரம்பத்தைக் காட்டி, "இரண்டே நிமிடம்" என்றாள்.
அடுத்த வாரம் வருகிறேன் என்று
எழுந்து வந்துவிட்டேன்.

இருபத்தாறு வருடம் இலக்கணம் நடத்தியவள் நான்.
கரும்பலகையில் மூன்றே எழுத்து எழுதுவேன்:
தேத், பேத், அயின்.
மூழ்குதல், என்பேன்.
எரேமியா கிணற்றுச் சேற்றில் அமிழ்ந்தது இதில்தான்.
கோலியாத்தின் நெற்றியில் கல் புதைந்தது இதில்தான்.
பார்வோனின் தளபதிகள் கடலடிக்குப் போனதும்.
பிறகு ஒரு வால் சேர்ப்பேன்.
தபாஅத்: மோதிரம்.
பார்வோன் தன் விரலிலிருந்து கழற்றி
யோசேப்பின் கையில் போட்டானே, அது.

பின்வரிசையில் அவிஷாக் ஒருமுறை கேட்டாள்:
"மோதிரம் எதில் மூழ்குகிறது, டீச்சர்?"
மெழுகில். களிமண்ணில்.
முத்திரை ஆழ இறங்கினால்தான்
ராஜாவின் பேர் வெளியே தெரியும்.
(சொல்லே எகிப்திலிருந்து வந்தது,
நம் வேரோடு பிற்பாடு ஒட்டிக்கொண்டது
என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு.
பரீட்சைக்கு அது வராது.)

மெழுகுக்கு எப்படி இருக்கும் என்று
அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
கல் பதிக்காத வெறும் வளையம்,
வலக்கை ஆள்காட்டி விரலில்,
இரண்டு சாட்சிகள் பார்க்கப் போட்டார்கள்.
மறுநாள் இடக்கைக்கு மாற்றிக்கொண்டது
நானேதான்.

கரைக்காவல்காரன் மக்லூஃப் ஒரு படிவம் நீட்டினான்.
'தொலைந்த பொருள்' என்ற கட்டத்துக்கும்
'நடந்தது என்ன' என்ற கட்டத்துக்கும் நடுவே
கோடு அழிந்திருந்தது.
வலமிருந்து இடமாக ஒரே சொல் எழுதினேன்.
ஐந்து எழுத்து. புள்ளி இடவில்லை;
குழந்தைகளுக்கும் வேதத்துக்கும்தான் புள்ளி.

தபத்தி என்று வாசித்தால்: என் மோதிரம்.
தவத்தி என்று வாசித்தால்: நான் மூழ்கினேன்.
சங்கீதத்தில் ஒருவன்
கழுத்துவரை தண்ணீர் ஏறியதும் கத்துகிறானே,
அதே சொல், அதே எழுத்துகள்.

மக்லூஃப் படித்தான். நகைத்தான்.
"இங்கே யாரும் மூழ்குவதில்லை, அம்மா."
இன்னொரு முறை வாசி, என்றேன்.
வகுப்பறைக் குரல் தொண்டையைவிட்டுப் போகவில்லை.
அவன் உதடுகள் அசைந்தன.
பிறகு என் விரலைப் பார்த்தான்:
வெயில் படாத ஒரு வெள்ளைப் பள்ளம்,
களிமண்ணில் பதிந்ததுபோல்.

"தேடுவதென்றால் சீக்கிரம் தேட வேண்டும்.
அடியில் வருடத்துக்கு ஒரு சாண் உப்பு படிகிறது."
படியட்டும், என்றேன்.
அவன் படிவத்தைக் கிழிக்கவில்லை,
கோப்பிலும் வைக்கவில்லை.
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஐந்தாம் நாளும் போனேன், ஆறாம் நாளும் போனேன்.
கடைசி நாள், யாரும் பார்க்காதபோது
கைகளை ஒட்டி வைத்து
மூச்சை முழுக்க விட்டுக் கீழே அழுத்திப் பார்த்தேன்.
தண்ணீர் விடவில்லை.

முழங்கால் வலி
அப்படியேதான் இருக்கிறது.