முடிக்கவில்லை

உன்னை நான் அறிந்ததெல்லாம்
பின்னாலிருந்துதான், இத்தோ.
பின்கழுத்தில் மிளகளவு மச்சம்.
இடது தோள் சற்றே இறங்கியிருக்கும்.
முதுகில் எங்களுக்குப் பெயர்,
உனக்கு ‘வேகம்’ என்ற ஒரு சொல்.

ஆயிரத்து ஐந்நூறில் முதல் ஆயிரம் மீட்டர் உன் வேலை.
எண்ணூறை இரண்டு நிமிடம் எட்டு நொடியில் தொட்டால் முழுத்தொகை.
பிந்தினால் நொடிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள்.
பிறகு இடப்பக்கப் புல்லில் ஒதுங்கி
இடுப்பில் கைவைத்து நிற்பாய்.
நாங்கள் போய்விடுவோம்.
முடிவுத்தாளின் அடியில், உன் பெயருக்கு நேரே,
‘முடிக்கவில்லை’.

முயல் என்பார்கள் உன் மாதிரி ஆட்களை.

கெனிஃப்ராவில் தம்பி டாக்சிக்குத் தவணை கட்டுகிறான்,
அதனால்தான் வாரம் ஒரு ஊர் ஓடுகிறாள் என்று
யாரோ பேருந்தில் சொன்னார்கள்.
நான் காதில் பஞ்சு வைத்துத் தூங்கப் பார்த்தேன்.

ஆஸ்ட்ராவாவில் அன்று எதிர்க்காற்று.
தயாராகும் அறையில் மூன்று பேரீச்சம்பழம் தின்றாய்,
கொட்டைகளைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டாய்.
அரைகுறைப் பிரெஞ்சில் என்னிடம் கேட்டது ஒன்றே:
"திருப்பத்திலா காற்று, நேரிலா?"
முழுவதையும் நீயே வாங்கிக்கொண்டாய்.
நான்கு நிமிடத்துக்குள் அன்றுதான் முதன்முறை வந்தேன்.
என் ஊர்ச் செய்தித்தாளில் படம் வந்தது.
ஓரத்தில், புல்லின்மேல், யாருடையதோ முழங்கை.

நீயும் ஒலிம்பிக் போனவள்தான்.
தகுதிச் சுற்றில் ஆறு பேருக்கு வாசல், நீ ஏழாவது.
இந்தக் குளிர்காலம் டிராண்ட்ஹெய்மில்
பழைய தாள்களைக் கிழித்துப் போடும்போது பார்த்தேன்:
அதே சுற்றில் ஆறாவது
நான்.

ரியேத்தியைச் சொல்ல வேண்டும்.
எண்ணூறில் கடிகாரம் இரண்டு பத்து காட்டியது.
"போ, போ" என்று என் மொழியில் கத்தினேன்.
உனக்குத் தெரியும். நீதான் சேமித்துக்கொண்டிருந்தாய்,
உன் காசிலேயே, அந்த இரண்டு நொடியை.
ஆயிரம் வந்தது.
நீ ஒதுங்குவாய் என்று உள்வரிசையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தேன்.
புல் வந்தது, போனது.
மச்சம் அங்கேயே இருந்தது.
புல்லில் நின்றே நீ கேட்டுப் பழகிய மணி
உன் தலைக்கு மேல் அடித்தது.

உன்னைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் வரிசைக்கு வந்தபோதுதான்
முதன்முதலாக உன் முகம்.
முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.
சிரிக்கவில்லை, அழவில்லை.
உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

எனக்கு மூன்றாமிடம், கேவலமான நேரம்.
ஆணிக் காலணியைச் சுவரில் எறிந்தேன்.
உன் மேலாளரிடம் போய் நானே முறையிட்டேன்,
அதையும் எழுதிவிடுகிறேன்.
அடுத்த வாரம் லோசானில் வேறொரு முயல்,
வேறொரு கழுத்து. அடி எடுக்கவே பிடிபடவில்லை.

நீ ஒன்பதாவதாக வந்தாய். பதினோரு பேர்.
கோட்டின்மேல் மல்லாந்து கிடந்தாய்.
நேரம் குறிப்பவர் தாளோடு வந்து குனிந்தார்,
முதுகில் பெயர் இல்லையே, யார் நீங்கள் என்று.
மூச்சு வாங்கியபடி
எழுத்தெழுத்தாகச் சொன்னாய்.
அவர் தப்பாக எழுதினார்.
எழுந்து உட்கார்ந்து
மறுபடி முதலிலிருந்து சொன்னாய்.