நான்காவது வரி

ஏழு மாதமாய் ஆள் தேடுகிறோம்.
லிஃப்ட் கதவுக்கு நிரல் எழுதத் தெரிந்த
ஒரே ஓர் ஆள்.
பீன்யா இரண்டாம் கட்டம், லேத் பட்டறைகளுக்கு நடுவே
எங்கள் ஆபீஸ் என்றதுமே
பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.
மீதிப் பேர் தொண்ணூறு நாள் நோட்டீஸ் என்று இழுத்து
எங்கள் கடிதத்தைக் காட்டியே
இருக்கிற இடத்தில் சம்பளம் கூட்டிக்கொள்கிறார்கள்.

ஷெரின் டிசோசா அனுப்புகிற விண்ணப்பங்களில்
எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது.
எனக்கு வேண்டியதோ
எட்டு பிட் சில்லின் முன்னால் சும்மா உட்காரத் தெரிந்தவர்.
நீட்டிய கைக்கும் மூடும் கதவுக்கும் இடையில்
நாற்பது மில்லி விநாடி இருக்கிறது.
அதற்குள் குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்.

அதற்குத்தான் அந்தத் தாள்.
பன்னிரண்டு வரி நிரல், நானே தயாரித்தது.
எங்கே பிழை என்று கேட்பேன்.
ஒன்பதாவது வரி என்றால் தேர்ச்சி.
முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்து எழுந்ததில்
அந்த நாற்காலி இப்போது இடப்பக்கம் சாய்கிறது.

இன்று ஸ்வப்னேந்து மொஹந்தி.
கொரகுண்டேபாளையா நெரிசலில் மாட்டி, மழையில் நனைந்து,
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.
பை-டூ காபியில் தன் பங்கைத் தொடவேயில்லை.
தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுபட்டு நின்றது,
மறுபடி அறுபட்டது.

"ஒன்பது சரிதான் மேடம். ஆனால் நாலு?"

சில்லு எட்டு பிட். எண்ணோ பதினாறு.
ஒரே மூச்சில் படிக்க முடியாது அதற்கு.
கீழ்ப்பாதியைப் படித்துவிட்டு
மேல்பாதிக்குப் போவதற்குள் கடிகாரம் குறுக்கே புகுந்தால்
இருநூற்று ஐம்பத்தைந்துக்கும்
இருநூற்று ஐம்பத்தாறுக்கும் நடுவே
ஐந்நூற்றுப் பதினொன்று என்று வாசிக்கும்.
காத்திருந்தது போதுமென்று கதவு நம்பிவிடும்.
கை அங்கேதான் இருக்கும்.

அவர் சொல்லி முடிக்கவில்லை,
எனக்கு வேறொரு குரல் கேட்டது.
மார்ச் மாதம். ஹூப்ளியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து
ரயில் நிலையக் கழிப்பறையில் முகம் கழுவி,
காதோரம் சோப்பு நுரை காய்ந்திருக்க
எதிரில் உட்கார்ந்திருந்தவள்.
நாகவேணி ஷான்பாக்.
அவளும் நாலு என்றாள்.
ஒன்பதைப் பாருங்கள் என்றேன்.
மறுபடியும் நாலு என்றாள்.

மொஹந்தியைச் சாப்பிட அனுப்பிவிட்டு
இழுப்பறையைக் கிளறினேன்.
அவள் தாளின் மூலையில் என் கையெழுத்து:
கேட்டதற்குப் பதில் இல்லை.
வாதம் செய்கிறார். வேண்டாம்.

மூன்றாவது மணியில் எடுத்தாள்.
பெயரைச் சொன்னேன். ஞாபகமில்லை என்றாள்.
சாய்கிற நாற்காலி என்றதும் சிரித்தாள்.
டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிரல் எழுதுகிறாளாம்,
வேலை மாறும் எண்ணமில்லையாம்.
நான் அதற்கு அழைக்கவில்லை என்றேன்.
பிறகு எதற்கென்று அவள் கேட்கவில்லை.
கேட்டது வேறு:

"மேடம், அந்த நாலாவது வரியை
நீங்களே யோசித்து எழுதினீர்களா,
இல்லை எங்கிருந்தாவது எடுத்ததா?"

பட்டறை ஓய்ந்திருந்தது.
எங்கள் பழைய மாடலில் இருந்து
அப்படியே வெட்டி ஒட்டியது, நாகவேணி.
ஒன்பதை மட்டும்தான் நான் கெடுத்தேன்.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமானது,
தெரியவில்லை. அவள் வைக்காமல் இருந்தாள்.

ஷெரின் எட்டிப் பார்த்து, மொஹந்தி எப்படி என்றாள்.
எடுத்துக்கொள், நாளைக்கே வரட்டும் என்றேன்.
பழைய மாடல் ஓடுகிற கட்டடங்களின் பட்டியல் கேட்டேன்.
ஹெப்பாளில் ஒரு மருத்துவமனை, மல்லேஸ்வரத்தில் இரண்டு,
யஸ்வந்த்பூர், பிறகு
எங்கள் கட்டடமே.

லிஃப்ட் வந்து திறந்து நின்றது.
உள்ளே யாருமில்லை. விளக்கு எரிந்தது.
நான் மாடிப்படியில் இறங்கினேன்,
ஒவ்வொரு படியாக,
எதையும் பாதியில் விடாமல்.