குழாயின் மேல் போட்ட பழி

கடலை வாளிகளில் இறக்க
ஒரு முழுக் காலை பிடித்தது.
பதினொரு வாளிகள், மூன்று ஐஸ் பெட்டிகள்.
பெட்டிகள் குளிரூட்ட அல்ல,
குளிர் உள்ளே புகாமல் இருக்க.
வெளியே சாஸ்கட்டூனில்
பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.

ஓரெஸ்ட் சட்டைக்கையை மடித்துக்கொண்டு
பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தான்,
எது தலை எது கால் என்று தெரியாத ஒன்றைத்
தூக்குகிறவன்போல.
மணலைக் கிளறாதே என்று என்னிடம் சொல்லிவிட்டு
அவனே கிளறினான்.
அழுகிய முட்டை நாற்றம் வீடெங்கும்.
ஏழு வருடம் அதன்மேல்தான்
நீல விளக்குப் போட்டு ரசித்திருந்தோம்.

கோமாளி மீன்கள் இரண்டும் வந்துவிட்டன.
மஞ்சள் டேங் முறைத்துக்கொண்டே வந்தது.
கடல் சாமந்தி மட்டும்
கண்ணாடியை விடுவதாக இல்லை.
வெளிப்புறத்தில் ஐஸ் கட்டியைத் தேய்த்தபடி
நாற்பது நிமிடம் மண்டியிட்டிருந்தான்,
அது தானாக மனம் மாறி
ஒரு விளிம்பைத் தளர்த்தும்வரை.
இந்தப் பொறுமை என்னிடம் எங்கே போனது என்று
நான் கேட்கவில்லை.
கேட்டதைப்போல
அவன் அக்கா ஹலீனா என்னைப் பார்த்தாள்.

அவள் வேனில் ஹீட்டர் அலறியது.
வாளி மூடிகள்மேல் ஆளுக்கு இரண்டு கை.
பிராட்வே பாலத்துக்குக் கீழே ஆறு உறைந்து கிடக்க
மேலே கடல் போனது,
முப்பது கிலோமீட்டர் வேகத்தில்,
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க.

ஓரெஸ்டுக்கு வேலை பொட்டாஷ் சுரங்கத்தில்.
ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்,
என்றைக்கோ வற்றிப்போன கடலின் உப்பை
வெட்டி மேலே அனுப்புகிறான்.
வீட்டுக்கு வந்ததும்
காசு கொடுத்து வாங்கிய உப்பை
டிரம்மில் கொட்டிக் கலக்குகிறான்.
கம்பெனி உப்பு ஆகாதா என்றால்
"செத்துடும்" என்பான். அதோடு சரி.

புதுத் தொட்டி ஆறடி, அறுநூறு லிட்டர்.
தரை தாங்க வேண்டுமே என்று
பேஸ்மென்டில் இரண்டு முட்டுக் கொடுத்திருந்தான்.
எங்களுக்கு இன்னும் கட்டில் வரவில்லை.
தட்டுகள் எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை.
அவற்றுக்கு வெப்பம் இருபத்தைந்து,
எங்களுக்குப் பதினாறு.

அந்தப் பழைய ஃபிளாட்டை விட்டதற்கு
நான் சொன்ன காரணங்கள் மூன்று:
வாடகை, மாடிப்படி, ரேடியேட்டர் குழாய்.
இரவில் அது டக் என்னும்,
யாரோ விரல் சொடுக்கிக் கூப்பிடுவதுபோல.
வீட்டுக்காரர் ஃபிரீசனுக்கு நான்கு கடிதம் எழுதினேன்.
பிளம்பர் வந்தார், தலையைச் சொறிந்தார்,
குழாயையே மாற்றினார்.
டக்.
வாடகையில் முப்பது டாலர் பிடித்தேன், இரண்டு மாதம்.
"உனக்கு மட்டும்தான் கேக்குது" என்றான் ஓரெஸ்ட்.
அந்த மார்ச்சில் ஒரு வாரம்
நான் வேறு அறையில் படுத்தேன்.

இந்த வீட்டில் ரேடியேட்டர் கிடையாது.
தரையில் ஒரு சல்லடை, அதன் வழியே சூடான காற்று.
மூன்றாம் இரவு,
தொட்டிக்குப் பக்கத்தில் விரித்த மெத்தையில்,
இருட்டில்
டக்.

நான் அசையவில்லை.
அவன் எழுந்து உட்கார்ந்தான்.
டக்.

டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு
இரண்டு பேரும் குப்புறப் படுத்துத் தேடினோம்.
பாறையின் ஒரு துளையில்
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று,
உடம்பில் பாதி அளவுக்கு ஒற்றைக் கொடுக்கு.
"துப்பாக்கி இறால்," என்றான் மெல்ல,
"பாறையோட வந்திருக்கும். அப்பவே."
ஏழு வருடம் எங்கள் பட்டியலில் இல்லாமல்
எங்கள் சோற்றில் விழுந்ததைத் தின்று,
பதினொரு வாளிகளில் ஏதோ ஒன்றில் ஏறிப்
பாலம் கடந்து வந்திருக்கிறது.
"இப்போ கேக்குதா?" என்றேன்.
அவன் சிரிப்பில் டார்ச் ஆட,
அது உள்ளே போய்விட்டது.

காலையில், ஜன்னலில் பனி தட்டியிருக்க,
காசோலைப் புத்தகம் இருந்த பெட்டியை முதலில் பிரித்தேன்.
ஃபிரீசன் பெயருக்கு அறுபது டாலர்.
எதற்காக என்று கேட்கும் கோட்டின்மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
இறால்.