பரவாயில்லை என்பதற்கு முன்

ஈரப்பதம் பதினேழு வரை வாங்கலாம்.
அதற்கு மேல் இருந்தால்
காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று
கத்தித்தான் சொல்ல வேண்டும்,
தூற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதும் எனக்கு
குறுவை முடிவதற்குள் தொண்டை போய்விடும்.
காது போவது தெரியாது.
அது சத்தமில்லாமல் போகும்.

ஒன்பது மணிக்கு மாசிலாமணி படுத்துவிடுவார்.
விடியற்காலை நாலு பத்துக்கு
டெப்போவிலிருந்து முதல் வண்டி எடுக்க வேண்டும்.
எங்களுக்கு ஒரே கூடம்.
டிவியின் ஒலியை நாலில் வைத்து
உதடுகளைப் படித்துக்கொண்டிருப்பேன்.
கதாநாயகிக்கும் வில்லனுக்கும்
மின்விசிறிதான் குரல் கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி போனேன்.
பந்தலடிக் கடையில் தாஜுதீன்
பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்தான்.
"பாஸ் அள்ளும்க்கா, கேட்டுப் பாருங்க."
விமானம் கிளம்பியது.
பாலம் ஒன்று இடிந்து விழுந்தது.
எதை மாட்டினாலும்
பாலம் நன்றாகத்தான் இடிந்தது.

மூட்டையின் வாயில் எப்போதும்
நல்ல நெல்தான் இருக்கும்.
குத்தூசியை நடுவயிற்றில் இறக்கிப் பார்க்காமல்
நான் ஒரு மூட்டையும் எடுத்ததில்லை.

என் செல்போனில் ஒரு காட்சி வைத்திருந்தேன்.
யாருக்கும் பெயர் நினைவில்லாத படம்.
வீட்டை விற்றுவிட்டேன் என்கிறாள் தங்கை.
வாசல் மழையைப் பார்த்தபடி அண்ணன்
பரவாயில்லை என்கிறான்.
அவ்வளவுதான்.
பதினொரு முறை பார்த்திருக்கிறேன்.
கல்நெஞ்சன் என்று
பதினொரு முறையும் திட்டியிருக்கிறேன்.

முதலாவதில் மழை
லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் பெய்தது.
அடுத்ததில் அண்ணன்
கிணற்றுக்குள்ளிருந்து பேசினான்.
கம்பியில்லாத ஒன்றில்
அவன் உதடு மூடிய பிறகு
கடைமடைக்கு வரும் தண்ணீர்போல
சொல் வந்து சேர்ந்தது.

இருப்பதிலேயே விலை கூடியதை
தாஜுதீனே என் தலையில் மாட்டினான்.
தெரு அணைந்தது.
ஷேர் ஆட்டோ, பூக்காரியின் கூவல், எதிர்க்கடை ஷட்டர்
எதுவும் இல்லை.
அந்த வெறுமையில்
தூற்றும் இயந்திரம் ஓடியது.
கழற்றினேன், நின்றது.
மாட்டினேன், ஓடியது.
நிலையத்தைப் பூட்டிய சாவி
என் கைப்பைக்குள் இருக்கிறது.
"அமைதியா இருக்குல்லக்கா?" என்றான்.
ஆமாம் என்றேன்.

பிறகு அவனே மறந்து வைத்திருந்த ஒன்று.
கம்பி உள்ளது. காதில் துணி உறை.
வெளிச்சத்தம் கொஞ்சம் கசிந்து உள்ளே வரும்,
அதனால் யாரும் கேட்பதில்லை என்றான்.
மழை மழையாகப் பெய்தது.
தங்கை சொல்லி முடித்தாள்.
அண்ணன் பேசுவதற்கு முன்னால்
ஒரு சின்னச் சத்தம்,
தராசுத் தட்டிலிருந்து ஒற்றை நெல் உதிர்வதுபோல.
எச்சிலை விழுங்குகிறான்.
எச்சில் மட்டுமில்லை.
பிறகுதான் பரவாயில்லை.

மறுபடி வைத்துக் கேட்டேன்.
பதினொரு முறையும் அவன் விழுங்கித்தான் இருக்கிறான்.

மூவாயிரத்து நானூறு.
பில் வேண்டுமா என்று
பட்டியல் எழுதுகிறவளிடம் கேட்டான்.

வீட்டில் விலையைச் சொன்னபோது
காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே
பரவாயில்ல என்றார் மாசிலாமணி.
முதுகுதான் தெரிந்தது.
விசிறியை நிறுத்திவிட்டு
இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன்.
"என்னத்த?"
"இப்ப சொன்னத."
திரும்பிப் பார்த்தார்.
பிறகு சிரித்து,
விசிறியைப் போடு, புழுங்குது என்றார்.

கம்பி மூன்று முழம்தான்.
டிவியிலிருந்து என் தலைவரை எட்டவில்லை.
இரவு பத்தரைக்குத் தூக்கம் கலைந்து எழுந்தவர்
கட்டிலின் கால்மாட்டைப் பிடிக்க,
நான் தலைமாட்டைப் பிடித்தேன்.
சிமெண்டுத் தரையில் இரும்பு
கிறீச்சிட்டு ஒரு சாண் நகர்ந்தது.
பக்கத்து வீட்டுச் சுவரில்
யாரோ கோபமாய்த் தட்டினார்கள்.
கட்டிலைக் கீழே வைக்காமல்
இருவரும் அப்படியே நின்றோம்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
கேட்டுக்கொண்டு.