ஒப்புதல் படிவம், மூன்றாம் திருத்தம்

கொழும்பிலிருந்து படிவம் திரும்பி வந்தது.
நாலாம் பக்கத்தில் சிவப்புக் கோடு:
"சோதனைச்சாவடி என்ற சொல்
பங்குபற்றுநருக்குத் தேவையற்ற அச்சம் தரும்.
மாற்றுக."
தடைப்புள்ளி என்று எழுதினேன்.
அது யாருக்கும் அச்சம் தராது,
யாருக்கும் விளங்கவும் மாட்டாது.

தெல்லிப்பழை. எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில்
கால் ஆடும் ஒரு மேசை.
எதிரே மரியநாயகம், நாவாந்துறை.
சிறுநீரகத்தில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறிய கட்டி.
இருபத்தொரு வருஷம் லொறி:
போகேக்கை வெங்காயம், வரேக்கை சீமெந்து.

வாசித்தேன்.
இது முதற்கட்டம்.
மருந்து சுகமாக்குமா என்று பார்ப்பதற்கல்ல,
எவ்வளவு ஏற்றினால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பதற்கு.
மூன்று பேருக்கு ஓர் அளவு.
அவர்கள் தாங்கினால் அடுத்த மூவருக்குக் கூட்டி.
நீங்கள் ஏழாம் ஆள்.

"முதல் ஆறு பேரும்?"
சொல்ல எனக்கு அனுமதியில்லை.
"ஓம். அதுவும் ஒரு பதில்தான்."

நாலாம் பக்கத்தில் தடக்கி நின்றார்.
படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன்.
ரத்தத்துக்குள்ள காவல் திரியிற அணுக்கள் இருக்கு, அண்ணை.
கட்டிக்குக் கிட்ட வருகுது.
கட்டி ஒரு அட்டையை நீட்டுது,
நான் உங்கட ஆள்தான் எண்டு.
காவல் திரும்பிப் போகுது.
இந்த மருந்து, அட்டை பார்க்கிற கண்ணைப் பொத்தும்.

கனநேரம் கதைக்கவில்லை.
பிறகு, "முகமாலை" என்றார்.
"மூட்டை மூட்டையா இறக்கி, கம்பியால குத்திப் பாத்து,
திரும்ப ஏத்தச் சொல்லுவினம்.
நான் வெங்காயம். நான் நிண்டன்.
வடிவான அட்டை வச்சிருந்தவன்
என்னைக் கடந்து போனான்."

ஆறாம் பக்கத்துக்குரிய கேள்வியை
முந்திக் கேட்டார்:
"அட்டையே பாக்காட்டி
நல்ல சனத்தையும் பிடிப்பினமோ?"
பிடிக்கலாம்.
தோல், குடல், தைரொயிட், ஈரல்.
"பிடிச்சவை," என்றார்,
பேனையை வாங்கிக்கொண்டு.

ஒரு மணித்தியாலம், நிறமில்லாத நீர்.
இரண்டாம் தரம் ஏற்றியபின் முதுகெல்லாம் சொறி.
"எழும்பிட்டாங்கள் போல" என்று சிரித்தார்.
ஒன்பதாம் கிழமை ஸ்கானில்
நெஞ்சில் ஒன்று முப்பத்தொன்றிலிருந்து இருபத்துநாலு மில்லிமீற்றர்.
மற்றது அப்படியே.
பத்தாம் கிழமை கண் மஞ்சளாயிற்று.
மருந்து நிறுத்தம். ஸ்டீரொயிட்.
காவல் ஈரலுக்குள் வீடுவீடாய்ப் புகுந்திருந்தது.

மூன்றாம் திருத்தத்தில் ஒரு வரி கூடியது.
கேட்டார், காட்டினேன்:
"கடும் ஈரல் அழற்சி: ஒருவர்."
விரலால் தடவிப் பார்த்தார்.
"பேர் போடமாட்டியளோ?"
போடமாட்டம், அண்ணை.
"சரி. இதில நிக்கட்டும்.
ஆனா நாலாம் பக்கத்துச் சொல்லை மாத்து, பிள்ளை.
வாற சனத்துக்கு ஒண்டும் விளங்காது."

வெளியே வாங்கில் எட்டாம் ஆள்.
மடியில் மஞ்சள் உறைக்குள் ஸ்கான் படம்,
காலடியில் உமல்பை.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
முதலாம் பக்கம் வாசித்தேன், இரண்டாம் பக்கம், மூன்றாம்.
பிறகு
படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன்.