ஒற்றை ஆணி

முகாமை ஏலம் விட்டபோது வாங்கிய கண்ணாடி.
கடைசி லாரி போன அதிர்வில்தான்
விழுந்தது என்கிறார் குலாப்தீன்.
முதல் லாரி வந்தபோதே
சுவர் விரிந்துவிட்டது என்கிறார்
வரிசையில் அடுத்தவர்.
சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்த
நூறு சிப்பாய்களை,
விடியுமுன் விமானம் ஏறிய ஆளுநரை
யாரும் விடவில்லை.

நுரை காய்கிறது.
என் கத்தி தொண்டைக்குழிக்கு வரும்போது மட்டும்
வாதம் நிற்கிறது.

பாக்லானில் இன்றும் மின்சாரம் இல்லை.
பாலத்துக்கு அப்பால் சுடுகிறார்கள்.
யாரென்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது,
இரு பக்கமும்
அவர்கள் விட்டுப்போன துப்பாக்கிதான்.

சில்லுகளைக் கூட்டி அள்ளுகிறேன்.
அவ்வளவு பெரிய கண்ணாடியை
ஒற்றை ஆணியில் மாட்டியவன் நான்.
அதை இன்னும்
ஒருவரும் கேட்கவில்லை.